நியூயார்க் சுரங்கமும் எங்கள் ஊர்க் கிணறும்

பொங்கலுக்கு வத்திராயிருப்பு போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் பல வருடமாக இறைக்காத கிணறு ஒன்று இருக்கிறது. எட்டிப் பார்த்தால் கல் இடுக்கெல்லாம் பெரணி, பாதி ஆழத்தில் ஓர் அரசங்கன்று. காக்காய் நட்ட தோட்டம்! அடியில் மட்டும் பிளாஸ்டிக் பை, உடைந்த வாளி.

"மண்ணடிச்சு மூடிட்டா கார் நிறுத்தலாம்" என்றார் பெரியப்பா. அப்பத்தா முகம் சுருங்கிவிட்டது.

எனக்கோ நியூயார்க் ஞாபகம். சிரிக்காதீர்கள்!

அங்கே மன்ஹாட்டனில், டெலான்சி தெருவுக்கு அடியில் 1948-ல் கைவிடப்பட்ட டிராம் நிலையம் இருக்கிறது. ஏறத்தாழ ஓர் ஏக்கர். அதைப் பூங்காவாக்கக் கிளம்பினார்கள் ஜேம்ஸ் ராம்சேயும் டான் பாரஷும். பெயர் 'லோலைன்'. வெயில் படாத இடத்தில் செடி எப்படி வளரும்? சூரியனோடு சேர்ந்து திரும்பும் கருவிகள் மேலே வெளிச்சத்தைக் குவித்து, குழாய் வழியே கீழே அனுப்பும். அங்கே கூரைத் தகடுகள் அதைப் பரப்பிவிடும். கிணற்றில் விழுந்த சாவியைத் தேட, கண்ணாடி பிடித்து உள்ளே வெயில் அடிப்போமே... அதே வித்தைதான்!

2015-ல் பக்கத்திலேயே பழைய சந்தைக் கட்டடத்தில் சோதித்துப் பார்த்தார்கள். அன்னாசிகூட வளர்ந்தது. 2016-ல் மாநகராட்சி முதற்கட்ட ஒப்புதலும் தந்தது. ஆனால் தேவைப்பட்டது 8 கோடி டாலர். அவ்வளவு சேரவில்லை. 2020-ல் திட்டம் நின்றுபோனது. வெயிலை இறக்கியவர்களால் பணத்தை இறக்க முடியவில்லை.

சென்னை ஷெனாய் நகரில் கதை தலைகீழ். மெட்ரோ நிலையத்துக்காக 2011-ல் மூடிய திரு.வி.க. பூங்கா, நிலையத்தின் கூரை மேல் திரும்பி வர 2023 ஆகிவிட்டது.

எங்கள் கிணற்றுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். உச்சி வெயில் தானாகவே உள்ளே இறங்குகிறது. குப்பையை எடுத்து, மொட்டைமாடி மழைத் தண்ணீரை வடிகட்டி உள்ளே விட்டு, வாய்க்கு இரும்பு வலை போட்டால் போதும். வலை கட்டாயம், திறந்த கிணறு குழந்தைகளுக்கு எமன். சுத்தம் செய்யவும் ஆளை இறக்கிவிடாதீர்கள். பாழுங்கிணற்றில் விஷவாயு தேங்கியிருக்கும். பாதாளக்கரண்டி விட்டு மேலிருந்தே வாருவதுதான் நல்லது. அரசங்கன்றைக் காப்பாற்ற எனக்கு ஆசைதான். ஆனால் வேர் சுவரைப் பிளந்துவிடுமே!

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். பதிலே இல்லை. நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "வலைக்கு எவ்வளவு ஆகும்னு விசாரி."