குழுக் கணக்கு பூட்டிக்கொண்டது... சாவிக்குக் காசு கட்ட வேண்டுமா?

கேள்வி: ‘‘மகளிர் சுய உதவிக்குழுவின் கணக்கை, மகனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினியில்தான் மூன்று வருடமாக எழுதி வருகிறேன். போன மாதத்திலிருந்து, கணக்கைத் திறந்தால் பார்க்க மட்டும்தான் முடிகிறது. ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியவில்லை. ‘காலக்கெடு முடிந்துவிட்டது’ என்று மேலே ஒரு பட்டை வருகிறது. அடுத்த கடனுக்கு வங்கியில் கணக்குக் கேட்கிறார்கள். கடையில் கேட்டால், ‘காசு கட்டி வாங்குங்க, இல்லாட்டி குறைஞ்ச செலவுல கிராக் போட்டுத் தர்றேன்’ என்கிறார்கள். பூர்வீக நிலத்தின் வரவு செலவும் அதே கணினியில்தான் இருக்கிறது. அதை சிங்கப்பூரில் இருக்கும் தம்பியும் பார்க்க வேண்டும்; அவரிடம் இருப்பது ஆப்பிள் மேக். என்ன செய்வது?’’

- வாசகி, கொத்தமங்கலம், சிவகங்கை மாவட்டம்.

பதில்: முதலில் நல்ல செய்தி. கணக்கு எங்கும் போய்விடவில்லை. பூட்டிக்கொண்டது, அதைத் திறக்கும் மென்பொருள் மட்டும்தான். வீட்டுச் சாவி தொலைந்தால், பத்தாயத்தில் இருக்கும் நெல் காணாமல் போவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். இதே கணக்கை, காசு எதுவும் கட்டாமல் வேறு ஒரு மென்பொருளில் திறந்து, திருத்தி, அச்செடுக்கலாம். அதன் பெயர் லிப்ரேஆபீஸ்.

கிராக் மட்டும் வேண்டாம். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, வைரஸ் நுழைவதற்கு வாசலைத் திறந்துவிடும் வேலை. குழுவில் இருப்பவர்களின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் இருக்கிற கணினியில் அந்த விஷப்பரீட்சை கூடாது.

இலவசமாக எப்படித் தருகிறார்கள்?

ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்று தொடங்கிய மென்பொருள் இது. அதை 1999-ல் அமெரிக்காவின் சன் நிறுவனம் வாங்கி, 2000-ல் மூலக்குறிமுறையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஆபீஸ். பிறகு சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. அதை உருவாக்கியவர்களில் பலர் 2010 செப்டம்பரில் பிரிந்து வந்து, ‘தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். அவர்கள் கொண்டுவந்ததுதான் லிப்ரேஆபீஸ். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், திருத்தியும் கொள்ளலாம். பணத்தால் நடப்பதைவிட, நன்கொடையாலும் உழைப்பாலும்தான் இது நடக்கிறது.

விவசாயிகளுக்கு இது புதிதல்ல. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில், ‘நெல்’ ஜெயராமன் 2 கிலோ பாரம்பர்ய விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்ப வாங்கி, இன்னும் சிலருக்குக் கொடுத்தார். பகிர்ந்துகொண்டால் பெருகும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

கேரள அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் இதில்தான் படிக்கிறார்கள். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டீன் மாநில அரசு, தன்னுடைய சுமார் 30,000 கணினிகளை இதற்கு மாற்றப் போவதாக 2024-ல் அறிவித்தது. ஆகவே, ‘இலவசம் என்றால் தரம் இருக்காது’ என்ற சந்தேகம் வேண்டாம்.

விண்டோஸ் கணினியில்...

முதல் வேலை, கணக்குக் கோப்புகளை எல்லாம் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து பீரோவில் வைப்பது. அதற்குப் பிறகுதான் மற்றது.

அடுத்து, கணினியின் வகையைப் பாருங்கள். ‘கம்ப்யூட்டர்’ என்ற படத்தின் மேல் வலது பக்க பட்டனை அழுத்தி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போனால், எந்த விண்டோஸ், 32 பிட்டா, 64 பிட்டா என்பது தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம், அரசு மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அப்போது வந்த பல கணினிகளில் விண்டோஸ் 7 அல்லது 8 இருக்கும். லிப்ரேஆபீஸின் 25.8 பதிப்பிலிருந்து, இந்தப் பழைய விண்டோஸ்களில் ஓடாது. கவலை வேண்டாம். அதற்கு முந்தைய 25.2 பதிப்பு ஓடும். விண்டோஸ் 7 என்றால், அதில் ‘சர்வீஸ் பேக் 1’ இருக்க வேண்டும். பழைய பதிப்புகளையும் அந்த அமைப்பு தன்னுடைய தளத்திலேயே சேமித்து வைத்திருக்கிறது. விண்டோஸ் 10, 11 என்றால் புதிய பதிப்பையே போடலாம்.

இறக்குவதற்கு லிப்ரேஆபீஸ் டாட் ஆர்க் என்ற முகவரியை, ஆங்கிலத்தில், நேராக மேலே உள்ள பட்டையில் அடியுங்கள். தேடுபொறியில் தேடினால், முதலில் வருவது விளம்பரமாகவோ போலியாகவோ இருக்கலாம். எங்கேயாவது பணம் கேட்டால், அது சரியான இடமில்லை என்று திரும்பிவிடுங்கள். கோப்பின் அளவு சுமார் 350 எம்பி. வீட்டில் இணையம் சரியில்லை என்றால், இணையம் நன்றாக இருக்கும் இடத்தில் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தால் போதும். பதிவதற்கு இணையம் தேவையில்லை.

இறக்கிய கோப்பை இரண்டு முறை அழுத்தினால், பதியும் வேலை தொடங்கும். அங்கே ‘டிபிகல்’, ‘கஸ்டம்’ என்று இரண்டு கேட்கும். ‘கஸ்டம்’ தேர்வு செய்து, மொழிகள் பட்டியலில் தமிழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் ‘நெக்ஸ்ட்’தான். காலக்கெடு முடிந்த பழைய மென்பொருளை நீக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கணினியில் இருக்கும்.

பதிந்த பிறகு ‘கால்க்’ என்பதைத் திறந்து, ‘ஃபைல் - ஓப்பன்’ வழியாகப் பழைய கணக்கைத் திறக்கலாம். திறந்ததும், கூட்டுத்தொகைகளைப் பழைய அச்சுப் பிரதியோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரணக் கூட்டல், கழித்தல், வட்டிக் கணக்கெல்லாம் அப்படியே வரும். ‘மேக்ரோ’ போட்டுத் தயாரித்த கணக்கு மட்டும் சில நேரம் தகராறு செய்யும்.

லினக்ஸில்...

அரசு கொடுத்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்பதும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. கணினியைப் போட்டவுடன் இரண்டில் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்து போகும். பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், ஆபீஸ் தொகுப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கும். அவசரத்துக்கு அதிலேயே கணக்கைத் திறக்கலாம். அதற்கு முன் விண்டோஸை முழுமையாக ‘ஷட் டவுன்’ செய்திருக்க வேண்டும்.

உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளின் வழக்கமான பதிப்புகளிலும் லிப்ரேஆபீஸ் சேர்ந்தே வரும். இல்லாவிட்டால், அந்தந்தக் கணினியில் இருக்கும் ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ என்பதில் பெயரைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். தமிழ் மொழித் தொகுப்பும் அங்கேயே கிடைக்கும்.

மேக் கணினியில்...

சிங்கப்பூர் தம்பி, இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் படத்தை அழுத்தி, ‘அபௌட் திஸ் மேக்’ பார்க்க வேண்டும். இன்டெல் என்று இருந்தால் ஒரு கோப்பு. எம்1, எம்2 என்று இருந்தால் ‘ஆப்பிள் சிலிக்கான்’ என்ற வேறு கோப்பு. இறக்கித் திறந்து, அந்தப் படத்தை ‘அப்ளிகேஷன்ஸ்’ என்ற பெட்டிக்குள் இழுத்துப் போட்டால் முடிந்தது. மேக்கில் தமிழ் மொழித் தொகுப்பைத் தனியாக இறக்க வேண்டும்.

செல்போனில் பார்ப்பதற்கு, இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘கொலாபரா ஆபீஸ்’ என்ற செயலி இருக்கிறது.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால்...

‘டூல்ஸ் - ஆப்ஷன்ஸ்’ போய், மொழிக்கான பகுதியில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற இடத்தில் தமிழைத் தேர்வு செய்யுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்தவை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத எழுத்துகளாகத்தான் வரும். சிங்கப்பூரில் பார்க்க வேண்டிய கணக்கு என்றால், யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

வங்கிக்குக் கொடுக்கும்போது...

லிப்ரேஆபீஸ் தானாகச் சேமிப்பது ஓடிஎஸ் என்ற வடிவம். 2006-லேயே உலகத் தர அமைப்பின் ஒப்புதல் பெற்ற பொது வடிவம் அது. வங்கியில் எக்ஸெல் கேட்டால், ‘சேவ் ஆஸ்’ போய் அந்த வடிவத்தில் சேமித்துக் கொடுக்கலாம். பார்த்தால் மட்டும் போதும் என்றால், மேலே இருக்கும் பிடிஎஃப் பட்டனை அழுத்தி எடுத்து, அதையே அச்சிடலாம்.

கணக்கை மாற்றும் இந்த நேரத்தில் இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளலாம். குழுவில் ஒருவருக்கு 10,000 ரூபாய் உட்கடன். மாதம் 1 ரூபாய் வட்டி. பத்து மாதம், மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டுகிறார். மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் 100, 90, 80 என்று குறைந்து, மொத்த வட்டி 550 ரூபாய். முழு அசலுக்கே கடைசி வரை போட்டால் 1,000 ரூபாய். எந்தக் கணக்கு என்று குழு முடிவு செய்ததோ, அதுதான் கணினியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். 450 ரூபாய் வித்தியாசம் கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்குச் சின்னத் தொகை அல்ல.

செட்டிநாட்டுக்குப் பேரேடு புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுத்து வாங்கிய கணக்கையெல்லாம் வரி வரியாக எழுதி வைத்த ஊர்கள் இவை. அந்தப் பேரேட்டைப் பிரிக்க யாருக்கும் சந்தா கட்ட வேண்டியிருக்கவில்லை. கணினியில் எழுதும் கணக்கும் அப்படி, எழுதியவர் கையிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று: இறக்கிய கோப்பை அழித்துவிடாமல் பென் டிரைவில் வைத்திருங்கள். பக்கத்துக் குழுவுக்கும், கண்மாய்ப் பாசன சங்கத்துக்கும் அதே கோப்பைக் கொடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.