கம்பைப் பிடித்தால் குடி கெடுமா?



"கம்பு சுத்தப் போனவன் உருப்பட்ட மாதிரிதான்!" என்று காஹாங் பக்கம் ஒரு தாயார் என்னிடம் சொன்னார். பையனுக்கு 13 வயது. சிலம்பம் கற்க ஆசைப்படுகிறான். கம்பு எடுத்தால் சண்டைக்குப் போவான், குண்டர் கும்பலில் சேருவான் என்று அம்மாவுக்குப் பயம். அப்பா பாடுவது வேறு ராகம். "நாள் பூரா குலை வெட்டுறோம். இதுக்கு மேல உடற்பயிற்சி என்னத்துக்கு ஐயா?" என்கிறார். இந்த இரண்டு பேச்சையும் நம் வீடுகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆகையால் இந்த முறை மருந்து மாத்திரையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கம்பைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் அப்பாவுக்குச் சொல்கிறேன். செம்பனை வெட்டுகிறவர் காலையிலிருந்து அண்ணாந்து பார்த்தே நிற்கிறார். நீளக் கம்பில் கட்டிய அரிவாளை இழுத்து இழுத்துக் கழுத்தும் தோளும் கல்லாகிப் போகின்றன. பால்மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். வேலை உடம்பைத் தேய்க்கிறது. அதுவும் ஒரே பக்கமாக, ஒரே அசைவாகத் தேய்க்கிறது. சிலம்பத்தில் அப்படி இல்லை. வலக்கை சுற்றியதை இடக்கையும் சுற்ற வேண்டும். முன்னே வைத்த காலடியைப் பின்னேயும் வைக்க வேண்டும். மணிக்கட்டு, தோள், இடுப்பு, முழங்கால், கண் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். அரைமணி நேரம் வீசிப் பாருங்கள், சட்டையைப் பிழியலாம்.

அது போகட்டும். குலை வெட்டுவது நீங்கள்தானே, உங்கள் மகன் இல்லையே! அவன் பள்ளி விட்டு வந்தால் கைபேசியும் கையுமாகச் சாய்ந்து கிடக்கிறான். பக்கத்தில் சர்க்கரைத் தண்ணீர் புட்டி. 2019-இல் நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31.4 பேர்! எல்லா இனத்தாரிலும் நாம்தான் முதல். இந்த முதலிடம் யாருக்கு வேண்டும்? பிள்ளைகள் நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த நேரத்தைச் சிலம்பத் திடல் தருகிறது. ஜிம்முக்குக் காசு கட்டச் சொல்லவில்லை. நெற்றி உயரத்துக்கு ஒரு ரோத்தான் கம்பு போதும்.

இனி அந்த அம்மாவுக்கு. நல்ல ஆசான் முதலில் அடிக்கக் கற்றுத்தர மாட்டார். வணக்கம் போடும் சலாம் வரிசை, பிறகு காலடி, காலடி, காலடி. கம்பு கைக்கு வருவதற்குள் பொறுமை இல்லாத பையன் ஓடிவிடுவான். நின்றவன் மேலே ஒரு நாள் ரோத்தான் விழும். அந்த வலி தெரிந்தவன் சும்மா அடுத்தவன் மேல் கை ஓங்குவானா? நம்மோடு வாழும் மலாய்க்காரக் குடும்பங்கள் சீலாட்டை அடாவடி என்றா நினைக்கிறார்கள்? பண்பாடு என்று பிள்ளைகளை அனுப்புகிறார்கள். 2019-இல் அது யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். நாம்தான் இன்னும் ரவுடி ஆட்டம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் உங்கள் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். குடித்துவிட்டுத் திடலுக்கு வருகிற ஆசானும் உண்டு, பையன்களைத் தன் அடியாட்களாகக் காட்டித் திரிகிறவரும் உண்டு. அப்படிப்பட்ட இடத்திலிருந்து பிள்ளையை அன்றைக்கே அழைத்து வந்துவிடுங்கள். கம்புக்கு நல்லது கெட்டது தெரியாது, பிடிக்கச் சொல்லித் தருகிறவருக்குத்தான் தெரிய வேண்டும்.

பெரியவர்கள் கெடாவில் நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு பீடோங் ஹார்வர்ட் தோட்டத்துப் பக்கம் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் அணி அணியாகப் பயிற்சி எடுத்தார்கள். எதற்கு? கள்ளுக்கடையை மூடுவதற்கு! 1947-இல் போலீசார் அதை ஒடுக்கினார்கள். அவர்கள் சிலம்பக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. உடம்பைக் கட்டுக்குள் வைத்துக் கூட்டமாய் நின்ற பையன்கள் கள்ளுக்கடைக்கு எதிராகத்தான் போனார்கள் என்பதைச் சொல்கிறேன். குடி கெட்டது எதனால் என்று லயத்துப் பெண்களுக்குத் தெரியும்.

வீட்டில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் வீட்டு நேரமே மாறிவிடும். சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் தூக்கம். அழைத்துவரப் போகிற அப்பா திடலில் நிற்கிறார். அந்த நேரம் அவர் கடையில் இல்லை. முந்தி கம்பு பிடித்த தாத்தா இருந்தால் கேட்கவே வேண்டாம், "காலை மாத்தி வையிடா" என்று திண்ணையிலிருந்தே சத்தம் வரும். தங்கச்சியையும் அனுப்புங்கள். பெண் பிள்ளைக்கு என்னத்துக்கு என்று இன்னும் கேட்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இடம்தான் பெரிய குறை. தோட்டங்கள் துண்டாகிக் குடும்பங்கள் காஹாங் டவுனுக்கும் குளுவாங்குக்கும் போன பிறகு, பழைய திடல்கள் கைவிட்டுப் போயின. மிஞ்சியது கோயில் வாசல். திருவிழாவில் ஒரு ராத்திரி தீப்பந்தம் சுற்ற ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவு செய்கிற கமிட்டியார், வாரத்துக்கு 2 மாலை ஒரு விளக்குப் போட்டுக் கொடுத்தால் என்ன? தோட்டத்தில் இருப்பவர்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லி நிர்வாகத்திடம் திடலைக் கேளுங்கள்.

போகுமுன் சில வார்த்தை. நாற்பது வயதுக்கு மேல் தொடங்குகிறவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் இனிப்புநீரும் பார்த்துக்கொண்டு வாருங்கள். இனிப்புநீர்க்காரர்கள் வெறுங்காலோடு திடலில் இறங்கவே கூடாது. சின்னக் காயம் போதும், விரலே போய்விடும். ஜோடி சேர்ந்து ஆடும்போது தலைக்கவசம் வேண்டும். கண்ணில் கம்பு பட்டால் எந்தக் கிளினிக்காலும் முழுக்கச் சரிபண்ண முடியாது. விரல் கணு வீங்கினால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், ஐஸ் வையுங்கள், வீக்கம் இறங்காவிட்டால் எக்ஸ்ரே எடுங்கள்.

அந்தத் தாயாரிடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்களே போய்த் திடல் ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்று, ஆசான் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். "பார்க்கிறேன்" என்றார். இன்னும் பதில் வரவில்லை.