தேவிகுளத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும்

நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்களிலிருந்து தேயிலைக்குப் போனவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. மண்டபம் முகாமுக்குப் போய்க் கடல் தாண்டினால் கண்டிச் சீமை. போடியிலிருந்து மலையேறினால் மூணாறு. கடல் தாண்டியவர்களுக்காக, 1922 குடியேற்றச் சட்டப்படி இந்திய அரசு கண்டியில் ஓர் ஏஜெண்டை அமர்த்தியது. அவர் தோட்டந்தோட்டமாகப் போய்க் குறை கேட்டார். ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். 1927இல் அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தது. திருவிதாங்கூர் மலைக்கு ஏறியவர்களுக்கு அப்படிக் கேட்பார் யாரும் இல்லை. இன்றும் இல்லை.

1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது, மூணாறு அடங்கிய தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. அங்கே நான்காம் தலைமுறைப் பிள்ளை பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு மனுப் போட்டால், 'உன் முன்னோர் 10.8.1950க்கு முன்பே இங்கே குடியிருந்தார்களா?' என்று கேட்கிறார்கள். கொழுந்து பறிக்கும் தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வில்லேஜ் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடக்கிறாள். சொந்தப் பட்டா இல்லை, லயம் கம்பெனியுடையது. பாட்டியின் பெயர் ஏதோ ஒரு தோட்டத்துப் பழைய பதிவேட்டில் இருக்கலாம். 2021இல் தேவிகுளம் எம்எல்ஏவாகத் தேர்வான ஆ. ராஜாவின் தேர்தல் வழக்கிலும் இந்த 1950 கேள்வி எழுந்தது. 2023இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றவர், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில்தான் மீண்டார். டெல்லி வரை போக அந்தத் தாயால் முடியுமா?

கேரளத்தின் சேவை உரிமைச் சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் மேல்முறையீட்டை அனுப்பியது அதே துறையின் மேலதிகாரியிடம். ஒவ்வொரு மனுவும் தனித்தனியே தள்ளுபடியாகிறது; நூறு மனுக்கள் ஒரே காரணத்தால் தள்ளுபடியாவதைச் சேர்த்துப் பார்ப்பது யார் பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

குடியேற்ற சேவைக்கென அமெரிக்கா 2002இல் சட்டம் போட்டு உருவாக்கிய ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர் பதவி இந்த இடத்தில்தான் நமக்குப் பாடம். அவரால் விசா கொடுக்க முடியாது, தீர்ப்பை மாற்றவும் முடியாது. தேங்கிய கோப்பைப் பற்றி விசாரிப்பார். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் நாடாளுமன்றத்துக்கு எழுதுவார். அவர் பரிந்துரைக்குக் குடியேற்றத் துறை மூன்று மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் அந்தப் பதவியின் உயிர். 2025இல் அந்த அலுவலகத்தையே ஆள்குறைப்பில் முடக்கினார்கள். கேள்வி கேட்பவர் இருப்பது எந்த அரசுக்கும் சங்கடம்தான்.

தேவிகுளத்துக்கு வேண்டியவரும் அப்படிப்பட்டவரே: வருவாய்த் துறைக்கு வெளியே இருப்பவர், தமிழில் எழுதிய மனுவைத் தமிழிலேயே படிப்பவர், சட்டமன்றத்துக்கு நேராக அறிக்கை வைப்பவர். தோட்டங்களின் பழைய பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, படியெடுத்து, தாலுகா அலுவலகத்தில் வைக்கச் சொல்வது அவருடைய முதல் வேலையாக இருக்கட்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். லயங்களோடு, டிரங்குப் பெட்டிகளில் வைத்திருந்த காகிதங்களும் மண்ணுக்குள் போயின.