சல்லிக்காசு சொல்லும் சரித்திரம்

புதையல் என்றால் நம்மவர்க்கு ஒரு தனி மயக்கம். பூண்டுலோயா மலைகளில் கான் வெட்டும்போதோ, மீள்நடுகைக்காகப் பழந்தேயிலையை வேரோடு பிடுங்கும்போதோ, லயத்தை இடித்துவிட்டு வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதோ, பச்சை படர்ந்த செப்புக்காசு ஒன்று மண்வெட்டியில் அகப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள எழுத்து தமிழன்று, சிங்களமன்று, ஆங்கிலமுமன்று. சூழ நிற்பவர் கேட்கும் முதற் கேள்வி யாது? “இது என்ன விலை போகும்?” என்பதே. நாம் இவ்வாரம் எழுப்ப விரும்புவது வேறொரு கேள்வி: “இது இங்கே எப்படி வந்தது?” விலையைக் கடைக்காரன் சொல்லிவிடுவான். வந்த வழியைச் சொல்லவல்லது அக்காசு கிடந்த இடம் ஒன்றே.

இதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டில், அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்து மிடில்டவுன் என்னும் ஊரில், ஜிம் பெய்லி என்பவர் பழத்தோட்டம் ஒன்றில் உலோகம் கண்டறியும் கருவியுடன் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது ஒரு சிறு வெள்ளிக்காசு. அதன் மீதிருந்த எழுத்தோ அரபு! ஆராய்ந்து பார்த்தபோது, அது 1693இல் யேமன் நாட்டில் அச்சிடப்பெற்றது எனத் தெரிந்தது. அரபு நாட்டுக் காசுக்கும் அமெரிக்கப் பழத்தோட்டத்துக்கும் என்ன உறவு?

விடை இந்து சமுத்திரத்தில் இருந்தது. 1695ஆம் ஆண்டில், மக்கா யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு சூரத்துக்குத் திரும்பிய கஞ்ச்-இ-சவாய் என்னும் ஔரங்கசீப் சக்கரவர்த்தியின் பெருங்கப்பலை ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கடற்கொள்ளைக்காரன் கொள்ளையிட்டான். அக்கூட்டத்தார் அமெரிக்கக் கரையிலும் பணத்தைச் செலவிட்டிருக்கக்கூடும் என்பதற்கு அந்தக் காசைப் பெய்லி சான்றாகக் காட்டினார். அக்கரையோர மாநிலங்களில் இதையொத்த வேறு நாணயங்களும் கிடைத்திருப்பது அக்கருத்துக்கு வலுவூட்டுகின்றது. ஒற்றைக் காசு ஒரு புதிர்தான். ஆனால் கிடைத்த இடம் தெரிந்த பல காசுகளை ஒருங்கே வைத்து நோக்கினால் அது சரித்திரமாகின்றது.

இத்தகைய வியப்பு நம் இலங்கைக்குப் புதிதன்று. 1570களில், மன்னாருக்கு எதிரே மாந்தையில் பழைய கட்டடங்களைத் தோண்டியபோது, தேய்ந்துபோன செப்புக்காசும் பொற்காசும் வெளிப்பட்டன எனத் தியோகு தோ கூத்தோ என்னும் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். அவர் அவற்றை உரோம நாணயங்கள் என்றே கொண்டார். அவ்வாறு கொள்ளத் தூண்டியது பிளினி என்னும் உரோம அறிஞர் கூறும் ஒரு செய்தி. அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரபுக் கடலில் காற்றினால் அலைக்கழிக்கப்பட்டு இலங்கைத் துறை ஒன்றை அடைந்தானாம். அவனிடமிருந்த தெனாரி வெள்ளிக்காசுகளில் வெவ்வேறு மன்னர் முகங்கள் இருந்தபோதும் அவை யாவும் ஒரே நிறையுடையனவாயிருப்பதைக் கண்டு, “இத்தகைய காசை அடிப்போர் நேர்மையாளராய்த்தான் இருப்பர்” என்று இலங்கை வேந்தன் வியந்தானாம். நாணயம் என்ற சொல்லுக்கு நாம் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் கொள்கின்றோம். அம்மன்னனும் காசில் நேர்மையைக் கண்டான் போலும்!

பிளினியின் கதை கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டுக்குரியது. அப்படியாயின் இலங்கையில் கிடைக்கும் உரோமக் காசுகளும் அந்நூற்றாண்டைச் சேர்ந்தவையா? இங்கேதான் இடத்தின் சாட்சி இன்றியமையாததாகின்றது. எந்த ஊரில், எத்தனை காசுகள், எவற்றோடு சேர்ந்து கிடந்தன என்று ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர். பெரும்பாலானவை நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புக்காசுகள் என்பதும், அவற்றைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்ட போலிக்காசுகளும் ஏராளமாகப் புழங்கின என்பதும் புலனாயின. உரோமிலிருந்து நேரே வந்தவற்றிலும் தமிழகத்தின் வழியாக வந்தவையே மிகுதி என்று கருதுவோரும் உளர். காசை மட்டும் எடுத்துக்கொண்டு இடத்தை மறந்திருந்தால், பிளினியின் கதையையே சரித்திரம் முழுவதுமாக நம்பியிருப்போம்.

யாப்பகூவையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சீனக் காசுகள் கிடைத்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு மன்னன் அரசிருந்த தலைநகர் அது. இடமும் காசும் ஒன்றையொன்று விளக்குகின்றன. 1961ஆம் ஆண்டில், தென்கிழக்குக் கடலில் உள்ள பெரிய பாஸஸ் பாறைத்தொடரில் மைக் வில்சன் என்பவரும் அவருடன் சென்ற இரு சிறுவரும் மூழ்கிய கப்பல் ஒன்றைக் கண்டனர். ஆர்தர் சி. கிளார்க் இக்கதையை நூலாக எழுதியுள்ளார். அக்கப்பலில் வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவை சூரத்தில் அச்சிடப்பட்டவை. ஹிஜ்ரி 1113, அதாவது ஏறத்தாழ 1702ஆம் ஆண்டைக் காட்டின. பல கைகளில் புழங்கிய பணத்தில் பல ஆண்டுக் காசுகள் கலந்திருக்கும். இவையோ அக்கசாலையிலிருந்து நேரே மூட்டை கட்டி ஏற்றப்பட்டவை. கப்பல் எப்போது புறப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? கட்டிகளை உடைத்து ஒவ்வொன்றாக விற்றுவிட்டிருந்தால், இந்தச் சாட்சியும் சிதறிப்போயிருக்கும்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். பூண்டுலோயாவுக்கு அருகிலுள்ள கோத்மலையும், பதினாலாம் நூற்றாண்டில் தலைநகராயிருந்த கம்பளையும், கோப்பிச் செடி இங்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் வாழ்ந்த இடங்கள். ஆகவே பழங்காசு இங்கே அகப்படுதல் நடவாத காரியமன்று. எனினும் தோட்டத்து மண்ணில் நாம் பெரிதும் எதிர்பார்க்கத்தக்கவை வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். பின்னர் காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து மலைகளுக்கு ஏறினர். உரோமக் காசு வெளிப்பட்ட மாந்தைப் பக்கமாகவே அவர்களும் நடந்து வந்தனர் என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது. மடியில் முடிந்து வந்த காசுகள் அவர்களோடு மலை ஏறின. கிழக்கிந்தியக் கொம்பனியின் செப்புக்காசுகள், கல்கத்தாவிலும் சென்னையிலும் அடித்த ரூபாய்கள் ஆகியன அவற்றுள் அடங்கும். 1869இல் இந்திய ரூபாய் இலங்கையில் சட்டப்படி செல்லுபடியாகும் நாணயமாக்கப்பட்டது. 1872 முதல் ரூபாய், சதம் என்ற கணக்கு வழக்குக்கு வந்தது. அதற்கு முன்னர், ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்த பின்னும், அவர்தம் கொம்பனியின் குறியாகிய வி, ஓ, சி என்னும் மூன்றெழுத்துக்களும் பின்னிய செப்புக்காசு மக்கள் கையில் புழங்கியே வந்தது. அதற்குச் சல்லி என்று பெயர். “சல்லிக்காசும் பெறாது” என்று இன்று நாம் சொல்லும்போது, நம்மையறியாமலே அந்தப் பழங்காசை நினைவுகூர்கின்றோம்.

அந்தச் சல்லிக்காசு பெறும் பெறுமதி என்ன தெரியுமா? நம் முன்னோருள் மிகப் பலர் கடிதமோ நாட்குறிப்போ எழுதி வைத்தவரல்லர். தோட்டத்துப் பதிவேடுகளில் அவர்கள் பெயரும் கூலியுமாக மட்டுமே இருந்தனர். அத்தகையோர் விட்டுச் சென்ற ஏடு இந்த மண்தான். பழைய லயத்து வாசற்படியின் கீழ் கிடந்த காசும், கோயில் மரத்தடியில் கிடந்த காசும், வழிநடைப் பாதையில் விழுந்த காசும் வெவ்வேறு செய்திகளைச் சொல்லும். மூன்றையும் ஒரே உண்டியலில் போட்டுவிட்டால், மூன்றும் ஊமையாகிவிடும்.

இன்று ‘ஸ்கேனர்’ என்று பலரும் அழைக்கும் கருவி இந்த ஏட்டைக் கிழிப்பதற்கும் உதவுகின்றது. அது செயற்படும் முறை எளியது. கருவியின் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது அதைச் சூழக் காந்தப்புலம் உண்டாகின்றது. அப்புலத்தில் அகப்பட்ட உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகின்றது. அதனால் நேரும் மாறுதலைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகின்றது. 1881இல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்கச் சனாதிபதி கார்பீல்டின் உடலில் குண்டு எங்கே எனக் காண அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியைக் கொண்டு முயன்றார், குண்டு அகப்படவில்லை. நம் வடபுலத்தில் கண்ணிவெடிகளை அகற்றி உயிர்களைக் காப்பதும் இதே தத்துவத்தில் அமைந்த கருவிகளே. ஆனால் புதையல் வேட்டைக்காரன் கையில் அது வேறாகிவிடுகின்றது. தோட்டத்து மண்ணிலோ ஆணியும் தகரமும் உடைந்த மண்வெட்டியும் நிறைந்து கிடக்கின்றன. பத்து இடத்தில் ஒலித்தால் பத்துக் குழி. காசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மண்ணடுக்கு குலைந்தது குலைந்ததுதான்.

சட்டமும் இதில் தெளிவாயிருக்கின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணுள் மறைந்து கிடக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. அனுமதியின்றி அதற்காக அகழ்வது குற்றம். 1998ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கிற்று. ஆனால் வாசகர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அச்சட்டம் தொல்பொருள் எனப் பொதுவாகக் கொள்வது, கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே. நம் முன்னோரோ அதன் பின்னரே தோட்டங்களுக்கு வந்தவர்கள். அவர்கள் மடியிலிருந்து விழுந்த கொம்பனிக்காசு அத்திகதிக்குப் பின் அடிக்கப்பட்டதாயின், சட்டத்தின் கண்ணில் அது தொல்பொருளாகாது. அதைக் காக்கச் சட்டம் வராதெனின், காக்கவேண்டியவர் நாமே அன்றோ?

காப்பது கடினமன்று. காசு தற்செயலாக அகப்பட்டால், மேலும் தோண்டாமல் நிறுத்துக. கிடந்த இடம், ஆழம், உடன் கிடந்த ஓடு, கரி, மணி முதலியவற்றைக் குறித்துக்கொள்க; கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்க. வீட்டுக்குக் கொண்டுவந்து, குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தல் கூடவே கூடாது. பச்சையோடு எழுத்தும் போய்விடும். பழமையானதெனத் தோன்றினால் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும். கிராம உத்தியோகத்தரோ பொலிஸ் நிலையமோ வழிகாட்டும். தோட்டக் காலத்துக் காசாயின், உரிய குறிப்போடு பாடசாலையில் ஒரு சிறு பேழையில் வைக்கலாம். வகுப்புக்கு வகுப்பு மாணவர் அக்குறிப்பேட்டை வளர்த்துவருவாராயின், பத்தாண்டுகளில் அது பூண்டுலோயாவின் சரித்திர நூலுக்கு முதல் அதிகாரமாக அமையும்.

யேமன் நாட்டுக் காசு அமெரிக்காவின் சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டது. உரோமக் காசும் சீனக் காசும் இலங்கையின் சரித்திரத்தில் பெருமையுடன் இடம் பெற்றுள்ளன. கடல் கடந்து வந்த காசை அந்நியக் காசு என்று எவரும் ஒதுக்கிவிடவில்லை. கடல் கடந்து வந்து இம்மலைகளைப் பசுமையாக்கிய மக்களின் காசும் இம்மண்ணின் சரித்திரமே. அதை எழுத உதவும் சான்று நம் மண்வெட்டி நுனியில் அகப்படும் நாளில், விலையைக் கேளாது வழியைக் கேட்போமாக.