காலிக் கல்லில் இருப்பது யார் குரல்?

சீனச் சக்கரவர்த்தியே தமிழில் கல்வெட்டு வைத்தான் என்று புல்லரித்துக்கொள்ளும் பழக்கம் நம்மை விட்டுத் தொலையவில்லை. மேடைக்காரர்கள் புல்லரிக்கட்டும், அது அவர்கள் பிழைப்பு. விமர்சனம் எழுதுகிறவர்களும் கூடச் சேர்ந்துகொள்வதைத்தான் சகிக்க முடியவில்லை.

1911இல் இலங்கையின் காலி நகரில், ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த கல் அது. 1409 தேதியிட்டு, மிங் அரசன் யோங்லேயின் பெயரால் கப்பல் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது. பாரசீகப் பகுதி அல்லாவை. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில்கொண்டிருந்த தெனவரை நாயினாரை, அதாவது விஷ்ணுவை. காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றேதான்: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய். சமய சமரசமாம்! துறைமுகத்தில் வியாபாரம் யார் யார் கையில் இருந்ததோ அவரவர் தெய்வத்துக்கு அவரவர் மொழியில் வைத்த காணிக்கை; ராஜதந்திரத்துக்கு வேறு பெயர் எதற்கு? 1411இல் அதே செங் ஹே, அழகக்கோனார் என்று கருதப்படும் ஆட்சியாளனைக் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டுபோய்ச் சீன அரசவையில் நிறுத்தினான். அதைத் தமிழில் வெட்டிவைக்கும் அவசியம் அவனுக்கு ஏற்படவில்லை.

இன்னொரு கல் இருக்கிறது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் சம்பந்தப் பெருமாள் என்பவர் 1281இல் சிவனை எழுந்தருளப் பண்ணி வைத்த தமிழ்க் கல்வெட்டு. கடைசியில் ஒரு வரி சீனம். குப்லாய் கானின் உடல்நலத்துக்காக என்று கும்பிடு போட்டுத்தான் எழுதியிருக்கிறார். இருக்கட்டும், வாக்கியம் அவருடையது. காலிக் கல்லில் தமிழ் கேட்டுக்கொண்டிருக்கிறது, சுவான்சௌவில் பேசுகிறது. நமக்குக் கேட்கிற தமிழ்தான் பெருமையாகப் படுகிறது.

பழங்கதை இல்லை இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரியாவின் ஹூண்டாய் கார்கள் செய்யப்படுகின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உணவகப் பலகைகளில் கொரிய எழுத்து. பலகையில் தமிழ் எங்கே என்று நாம் கொதிக்கிறோம். ஆலைக்குள் எச்சரிக்கை வாசகம் தமிழில் இருந்தால் சமாதானமாகிவிடுகிறோம். அயலான் நம்மை நம் மொழியில் கூப்பிட்டால் போதும். கார் வரிசையில் ஷிப்டு முழுக்க நிற்கிறவன் தன் வேலையை, மேஸ்திரியை, அந்தக் கொரியனை என்ன வார்த்தைகளில் சொல்கிறான்? அந்தத் தமிழுக்கு நம் சிறுபத்திரிகைகள் எத்தனை பக்கம் கொடுத்தன? ஆங்கிலம் வழியாக இறக்குமதியான சீனக் கவிதைகளுக்குக் கொடுத்த பக்கங்களையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.