அஞ்சு நிமிஷம் செலவு பண்ணுங்கய்யா!

கார்ல ஆயில் மாத்தறதை விட எளிமையான வேலை ஒர்க்‌ஷாப்புல வேற இல்லை. அடியில இருக்கற ட்ரெயின் போல்ட்டைக் கழட்டு, பழைய ஆயிலை வடி, ஃபில்டரை மாத்து, போல்ட்டைத் திரும்ப முறுக்கு, புது ஆயிலை ஊத்து, மூடியைப் போடு. மொத்தம் ஆறு வேலை. இந்த ஆறுக்குள்ளயும் நல்லா ஓடிட்டிருந்த இஞ்சினைச் சாகடிக்க நம்ம ஆளுங்க எத்தனை வழி கண்டுபிடிச்சிருக்காங்கன்னு பாருங்க மக்களே.

வழி ஒண்ணு: போல்ட்டைச் சரியா முறுக்காம விடறது. இல்லாட்டி, பீமசேனன் மாதிரி முறுக்கி மரையைக் கழட்டி விடறது. பல கார்கள்ல ஆயில் தொட்டி அலுமினியம். இரும்பு போல்ட்டுக்கும் அலுமினிய மரைக்கும் சண்டை வந்தா யார் ஜெயிப்பாங்கன்னு சொல்ல வேண்டியதில்லை.

வழி ரெண்டு: பழைய ஃபில்டரைக் கழட்டும்போது அதோட ரப்பர் ரிங் இஞ்சின்லயே ஒட்டிக்கும். அதைப் பார்க்காம புது ஃபில்டரை அது மேலயே மாட்டறது. கையால முறுக்கிப் பார்த்தா கெட்டியாத்தான் இருக்கும். ஓடும்போது பிரஷர் ஏறினதும் ரெண்டு ரிங்ல ஒண்ணு பிதுங்கி வெளிய வரும். சின்னக் காருக்கு மொத்த ஆயிலே மூணு, மூணரை லிட்டர்தான். காலியாக ரொம்ப நேரம் ஆகாது.

வழி மூணு: அளவுக்கு மேல ஊத்தறது. "கொஞ்சம் அதிகமா இருந்தா நல்லதுதானே சார்?" இல்லவே இல்லை. சுத்தற கிராங்க் ஷாஃப்ட் ஆயில்ல முட்டி அதை மோர் கடையற மாதிரி கடைஞ்சு நுரையாக்கிடும். பம்ப் நுரையை உறிஞ்சினா பேரிங்குக்குப் போறது பாதி காத்து.

வழி நாலு, இதுதான் எல்லாத்துக்கும் சிகரம்: இஞ்சின் ஆயிலுக்குப் பதிலா கியர்பாக்ஸ் ஆயிலை வடிச்சிட்டு, இஞ்சின்ல இருக்கற பழைய ஆயில் மேலயே புதுசா ஒரு மூணரை லிட்டர் ஊத்தறது. ஒரே தப்புல ரெண்டு கொலை!

வழி அஞ்சு: ஆயிலே தப்பு. 2020 ஏப்ரல் 1-லேர்ந்து நாடு முழுக்க பி.எஸ்.6 வந்தாச்சு. டீசல் கார்கள்ல புகைக் குழாய்ப் பாதையில கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கு. அந்த வடிகட்டி இருக்கற வண்டிக்குச் சாம்பல் குறைவா விடற தனி வகை ஆயில்தான் ஊத்தணும். கரியை அந்த வடிகட்டி தானே எரிச்சுக்கும், ஆனா ஆயில் விடற சாம்பல் எரியாது, தங்கி அடைச்சிடும். பீப்பாய்ல இருக்கறதை எல்லா வண்டிக்கும் பிடிச்சு விட்டா இதுதான் கதி. அடைப்பு தெரிய மாசக்கணக்கு ஆகும். அப்போ எந்த சர்வீஸ்ல எந்த ஆயில் ஊத்தினாங்கன்னு யார்கிட்ட போய்க் கேட்கறது?

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, எங்க சித்தப்பா வண்டிக்கு ரெண்டாவது வழி நடந்தது. முந்தின நாள் சர்வீஸ் பண்ணின வண்டி. கோயம்புத்தூர்லேர்ந்து பழனி போற வழியில உடுமலை தாண்டினதும் சிவப்பு விளக்கு எரிஞ்சுது. ஓரமா நிறுத்த இடம் பார்க்கறதுக்குள்ள இஞ்சின் பூட்டிக்கிச்சு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் (பேர் வேண்டாம், எல்லா ஊர்லயும் இருக்காங்க) சொன்ன பதில்: "லைட் எரிஞ்சும் ஓட்டியிருக்கீங்க சார். அடியில கல்லு பட்டிருக்கும் சார். வாரன்ட்டில வராது சார்." எஸ்டிமேட் ஒன்றரை லட்சம். வெளி மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய், அவங்க முன்னாடியே ஃபில்டரைக் கழட்டி, ரெண்டு ரிங் இருக்கறதை போட்டோ எடுத்த பிறகுதான் அந்த "சார்"ல கொஞ்சம் மரியாதை வந்தது.

அந்த விளக்கைப் பத்தி ஒரு வார்த்தை. அது ஆயில் குறையுதுன்னு சொல்ற விளக்கு இல்லை. பிரஷர் போயிடுச்சுன்னு சொல்ற விளக்கு. அது எரியும்போதே பேரிங்குகள் கிட்டத்தட்ட வறண்டாச்சு. "எரிஞ்சும் ஓட்டினீங்க"ன்னு சொல்றவங்களுக்கும் இது நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றாங்க.

இந்த இடத்துல நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவாங்க. ஒரு கட்சி: "அந்தப் பையனை வேலையை விட்டுத் தூக்கணும்." இன்னொரு கட்சி: "மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும், விடுங்க." ரெண்டையும் நான் ஒத்துக்க மாட்டேன்.

1983 மே 5. மியாமியிலேர்ந்து நசாவுக்குக் கிளம்பின ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம், 172 பேர், மூணு இஞ்சின். முதல் நாள் ராத்திரி மூணு இஞ்சின்லயும் ஆயில்ல இரும்புத் தூள் இருக்கான்னு பார்க்கற ஒரு சின்ன உறுப்பை மாத்தினாங்க. அதுல இருக்க வேண்டிய ரப்பர் ஓ-ரிங் மூணுலயும் இல்லை. வழக்கமா ரிங்கோட தயாரா எடுத்து வெச்சிருப்பாங்க. அன்னைக்கு அது இல்லாம ஸ்டோர்லேர்ந்து வந்ததை அப்படியே மாட்டிட்டாங்க. நடுவானத்துல ஆயில் எல்லாம் ஒழுகி, ஒரு இஞ்சினை விமானியே அணைச்சார், மத்த ரெண்டும் தானா நின்னுபோச்சு. மூணு மீட்டரும் பூஜ்யம் காட்டினதைப் பார்த்து, மீட்டர்தான் ரிப்பேர்னு நினைச்சாங்க. எப்படி மூணும் ஒரே நேரத்துல போகும்னு நம்ப முடியலை. அணைச்ச இஞ்சினைத் திரும்ப உயிர்ப்பிச்சு, அது ஒண்ணை வெச்சே மியாமியில இறக்கிட்டாங்க. எல்லாரும் பிழைச்சாங்க.

விசாரணை பண்ணின அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மெக்கானிக்கோட நிக்கலை. இதே ஓ-ரிங் தகராறு அந்தக் கம்பெனியில அதுக்கு முன்னாடியும் பல தடவை நடந்திருந்தும் சரியா அடைக்காத நிர்வாகத்தையும் மேற்பார்வையையும் குறை சொன்னாங்க. இன்னொரு விஷயம்: மாட்டின பிறகு இஞ்சினைச் சுத்தவிட்டு ஒழுகுதான்னு பார்த்தது சுமார் பத்து செகண்ட்தான். கொஞ்சம் கூடுதலா சுத்தவிட்டிருந்தா தரையிலயே தெரிஞ்சிருக்கும்.

கைக்காசு போட்டு வாங்கற காருக்கும் இதேதான் கணக்கு. மேல சொன்ன அஞ்சு தப்புல எதை எடுத்தாலும், வண்டி ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷத்துல பிடிச்சிடலாம். லிஃப்ட்ல இருக்கும்போதே ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு, ஃபில்டரையும் போல்ட்டையும் டார்ச் அடிச்சுப் பாரு. கழட்டின ஃபில்டர்ல ரிங் இருக்கான்னு பாரு. இஞ்சினை அணைச்சுக் கொஞ்சம் பொறுத்து, சமதளத்துல டிப்ஸ்டிக் எடுத்து அளவு பாரு. வண்டிக்குச் சொன்ன ஆயில்தானான்னு ஜாப் கார்டோட ஒத்துப் பாரு. வேலை செஞ்சவன் பார்க்கக்கூடாது, இன்னொருத்தன் பார்க்கணும். அவ்வளவுதான்யா கேட்கறேன்!

அந்த அஞ்சு நிமிஷம் ஏன் இல்லை? அந்த நிமிஷத்துக்கு பில் போட முடியாது, அதனாலதான். இஞ்சின் ஃபிளஷ், ஏ.சி. கிருமி நீக்கம், உள்ளே நுரை வெச்சுத் துடைக்கறது இதுக்கெல்லாம் பில் உண்டு, விற்கறவருக்கு இன்சென்டிவ் உண்டு. கீழே கிடந்து போல்ட் முறுக்கற பையனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வண்டிங்கற கணக்குதான் உண்டு. தப்பு நடந்தா அவன் சம்பளத்துல பிடிப்பாங்க. அவசரப்படுத்தினவர் சம்பளத்துல பிடிச்சதா நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அதான் நான் ரோட்டோர மெக்கானிக்கிட்டயே விடறேன்"னு மார் தட்டறவங்களே, கொஞ்சம் பொறுங்க. அங்கயும் நசுங்கின பழைய வாஷரையே திரும்பப் போடற அண்ணன்கள் உண்டு, போலி ஆயில் டப்பாவும் உண்டு. ஆனா அங்க ஒரு வசதி: பக்கத்துல நின்னு பார்க்கலாம். ஏ.சி. ரூம்ல காபி கொடுத்து உட்கார வெச்சு, "கஸ்டமர் உள்ளே வரக்கூடாது"ன்னு போர்டு மாட்டறவங்க, நாம பார்க்க வேண்டியதை அவங்களாவது பார்த்து எழுதிக் கொடுக்கணுமா இல்லையா? பில்லுல ஆயில் வகை, எத்தனை லிட்டர், போல்ட் முறுக்கினவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. நாலு வரி. வாட்டர் வாஷுக்கு ஒரு வரி எழுத இடம் இருக்கற பேப்பர்ல இதுக்கு இடம் இல்லையா?

அதுவரைக்கும் நீங்க கேளுங்க. கூச்சப்படாம கேளுங்க. பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்க. கேட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க (அதுவே இல்லாத சொகுசுக் கார் வெச்சிருக்கற புண்ணியவான்கள் ஸ்கிரீன்ல பார்த்துக்கலாம்). மறுநாள் காலையில வண்டிக்கு அடியில கறை இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. சிவப்பு விளக்கு எரிஞ்சா பத்திரமா ஓரங்கட்டி உடனே அணைச்சிடுங்க, "பக்கத்து பங்க் வரைக்கும்"ங்கற பேச்சே வேண்டாம். நாசமாயிடுச்சுன்னா, அவங்க இஞ்சினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, எழுத்துல புகார் கொடுங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. மாவட்ட ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள போகலாம். சேவைக்குக் கொடுத்த பணம் அஞ்சு லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமே கிடையாது. முதல்ல பேசிப் பார்க்கணும்னா 1915-க்குக் கூப்பிடுங்க.

ஒருத்தர் கேட்டா "இவன் ஒரு சந்தேகப் பிராணி"ம்பாங்க. பத்துப் பேர் கேட்டா ஃபார்ம்ல ஒரு கட்டம் சேர்ப்பாங்க. எனக்கு அந்தக் கட்டம் போதும் சாமி.