மிதக்கும் ஓட்டல்கள்: எந்தக் கப்பலில் பணம் மிஞ்சும்?

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் உள்ள துறைமுகம் மியாமி. 2024 ஜனவரி மாதம் அங்கிருந்து ஒரு கப்பல் முதல் பயணம் புறப்பட்டது.

அதன் பெயர் "ஐகான் ஆப் தி சீஸ்". ராயல் கரீபியன் என்ற கம்பெனியின் கப்பல்.

இருபது அடுக்குகள். ஒரே சமயத்தில் 7,600 பிரயாணிகள் வரை ஏறலாம். அவர்களுக்கு வேலை செய்யும் சிப்பந்திகள் மட்டும் 2,350 பேர். ஒரு பெரிய கிராமத்தையே தூக்கிக் கடலில் வைத்தது போல இருக்கும்!

இந்தக் கப்பல் எங்கே போகிறது? கரீபியன் தீவுகளைச் சுற்றிக் காட்டிவிட்டு, 7 நாளில் மீண்டும் மியாமிக்கே வந்து விடுகிறது. ஆட்களை ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய் விடுவது இதன் வேலை அல்ல. சாப்பிடுவது, நீந்துவது, ஆட்டம் பாட்டம் பார்ப்பது, தூங்குவது. அவ்வளவுதான். அதனால்தான் இவற்றுக்கு "உல்லாசக் கப்பல்" என்று பெயர்.

"ஒரு டிக்கெட் எடுத்தால் போதும். படுக்கை, சாப்பாடு, வேடிக்கை எல்லாம் அதில் அடக்கம்" என்று கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன.

இது உண்மைதானா? முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியில்தான் குடும்பத் தலைவரின் பணப்பை காலியாகிறது.

கணக்குப் புத்தகம் சொல்வது என்ன?

உலகிலேயே மிகப் பெரிய உல்லாசக் கப்பல் கம்பெனி கார்னிவல். பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்டு ஆகியவையும் அதற்கே சொந்தம்.

2024-ம் ஆண்டில் இந்தக் கம்பெனியின் மொத்த வரவு சுமார் 2,500 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்று வந்த பணம் சுமார் 1,646 கோடி. மீதி 856 கோடி டாலர் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, மக்கள் கப்பலில் ஏறிய பிறகு அவிழ்த்த பணம்தான். மது, சூதாட்டம், இன்டர்நெட், கரையில் ஊர் சுற்றிக் காட்டுவது, தனிக் காசுச் சாப்பாடு இவற்றில் வந்தது.

அதாவது மூன்றில் ஒரு பங்கு! ராயல் கரீபியன் கம்பெனியின் கணக்கிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் சில மணி நேரம் ஆகிவிட்டது. பிரயாணிக் கப்பல்களில் கூட்டம் குறைந்தது. சும்மா நின்ற கப்பல்களை என்ன செய்வது?

டெட் அரிசன் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. 1972-ல் ஒரு பழைய கப்பலை வாங்கி, "மார்டி கிரா" என்று பெயர் வைத்து, கார்னிவல் கம்பெனியைத் தொடங்கினார். முதல் பயணத்திலேயே கப்பல் மியாமிக்கு வெளியே மணல் திட்டில் மாட்டிக் கொண்டது! ஆனாலும் அவர் சளைக்கவில்லை. போகிற ஊர் முக்கியம் அல்ல, கப்பலில் நடக்கும் வேடிக்கையே முக்கியம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. கூட்டம் வந்தது.

கப்பலுக்குள்ளேயே பொழுது போக வேண்டும் என்றால், கப்பலுக்குள்ளேயே செலவும் ஆகும் அல்லவா? அந்த வழியைத்தான் பிறகு எல்லாக் கம்பெனிகளும் பிடித்துக் கொண்டன.

சாப்பாடு எப்படி?

எல்லாப் பெரிய கப்பல்களிலும் இரண்டு இடங்களில் சாப்பாட்டுக்குத் தனிக் காசு இல்லை. ஒன்று, மேஜை விரிப்புப் போட்டுச் சிப்பந்திகள் பரிமாறும் பெரிய சாப்பாட்டுக் கூடம். மற்றொன்று, அவரவரே தட்டில் எடுத்துக் கொள்ளும் பந்தி. தண்ணீர், காபி, தேநீருக்கும் காசு கேட்பது இல்லை. பசியோடு இறங்கியவர் யாரும் இல்லை.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான்.

கார்னிவல் கப்பல்களில் எளிய சாப்பாடு தாராளம். நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலேயே பர்கர் கடை இருக்கும். மெக்சிகோ பாணி ரொட்டிக் கடை இருக்கும். இரண்டுக்கும் காசு இல்லை. பிள்ளைகள் நாலு தடவை போனாலும் கேள்வி இல்லை. இந்தியக் காய்கறி உணவும் சாப்பாட்டுக் கூடத்தில் கேட்டால் கிடைக்கும். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விதி போட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு பெரிய பதார்த்தங்கள் வரை இனாம். மூன்றாவது கேட்டால் 5 டாலர். சாப்பாட்டுப் பிரியர்கள் முணுமுணுத்தார்கள். சாதாரண வயிற்றுக்கு இரண்டே அதிகம்!

நார்வீஜியன் கம்பெனி 2000-ம் ஆண்டில் பழைய வழக்கத்தை மாற்றியது. அதுவரை குறித்த நேரத்தில், குறித்த மேஜையில்தான் உட்கார வேண்டும். "விரும்பிய நேரத்தில், விரும்பிய இடத்தில் சாப்பிடலாம்" என்று இந்தக் கம்பெனி அறிவித்தது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் கப்பலுக்குள் ஆசை காட்டும் நல்ல ஓட்டல்கள் பலவற்றுக்குத் தனிக் காசு. சுதந்திரம் உண்டு, ரசீதும் உண்டு.

ராயல் கரீபியன் கப்பல்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டு அதிகம். சாப்பாடு நடுத்தரம். 2017-ல் அவர்கள் ஒரு கட்டணம் கொண்டு வந்தார்கள். அறைக்கே சாப்பாடு கொண்டுவரச் சொன்னால் 7 டாலர் 95 சென்ட். முன்பு பகலில் இதற்குக் காசு இல்லை. எளிய காலை உணவை மட்டும் விட்டு வைத்தார்கள்.

டிஸ்னி கம்பெனியின் வழி வேறு. ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு கூடத்தில் சாப்பாடு. பரிமாறும் சிப்பந்தியும் குடும்பத்தோடு கூடவே வருவார். முதல் நாள் "பிள்ளைக்குக் காரம் வேண்டாம்" என்று சொன்னால், கடைசி நாள் வரை நினைவில் வைத்திருப்பார். சோடா வகைகளுக்குக் காசு இல்லை. சூதாட்டக் கூடமே கிடையாது. டிக்கெட் விலைதான் மலைக்க வைக்கும்.

குனார்டு கம்பெனியின் "குயின் மேரி 2" கப்பலில் இன்னும் பழைய சீமான் வழக்கம் இருக்கிறது. எந்த அறைக்கு எவ்வளவு கொடுத்தாரோ, அதைப் பொறுத்துத்தான் அவர் எந்தக் கூடத்தில் சாப்பிடலாம் என்பது! பணக்காரருக்கு ஒரு பந்தி, மற்றவருக்கு வேறு பந்தி.

இனாம் என்னும் வரி

டிக்கெட்டில் சேராத பெரிய செலவு, சிப்பந்திகளுக்கான இனாம். இதைப் பிரயாணிகள் மனம் போலக் கொடுப்பது இல்லை. தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று கம்பெனியே கணக்கில் ஏற்றி விடுகிறது. பிள்ளைகளும் கணக்கில் சேர்த்திதான்.

கார்னிவல் 2023-ல் இதை ஒரு நாளைக்கு 16 டாலர் ஆக்கியது. நார்வீஜியன் அதே ஆண்டில் 20 டாலர் ஆக்கியது. ராயல் கரீபியன் 2024 நவம்பரில் 18 டாலர் 50 சென்ட் ஆக்கியது. சாதாரண அறைகளுக்கு அப்போது இருந்த கட்டணம் இது.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஏழு நாள் பயணம். 20 டாலர் வீதம் என்றால் 560 டாலர்! நம் ரூபாயில் 45 ஆயிரத்துக்கு மேல்.

இந்தப் பணம் தேவைதானா? தேவைதான். அதுதான் இதில் உள்ள சங்கடம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளில் இருந்து பல இளைஞர்கள் இந்த வேலைக்குப் போகிறார்கள். மாதக் கணக்கில் வீட்டைப் பார்க்காமல் உழைக்கிறார்கள். கம்பெனியின் அலுவலகம் மியாமியில் இருக்கும். கப்பலில் பறப்பதோ வேறு நாட்டுக் கொடி. "ஐகான்" கப்பலின் கொடி பகாமாஸ் தீவுகளின் கொடி. ஆகவே அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்தக் கப்பலில் செல்லாது. கூலியில் ஒரு பெரும்பகுதியைப் பிரயாணியே இனாமாகக் கொடுக்கிறார்.

கப்பல் அலுவலகத்தில் சொல்லி இந்தக் கட்டணத்தை நீக்கச் சொல்லவும் வழி உண்டு. அப்படிச் செய்தால் நஷ்டம் கம்பெனிக்கு அல்ல. அறையைக் கூட்டிப் படுக்கை விரித்த பையனுக்குத்தான்.

குடிக்காதவரும் கட்ட வேண்டும்

மது விஷயத்தில் உள்ள விதி வேடிக்கையானது. ஒரு தொகை கட்டினால் நாள் முழுதும் குடிக்கலாம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. கார்னிவலில் ஒரு நாளைக்கு 15 கோப்பை வரை. (அதற்கு மேல் யார்தான் எழுந்து நிற்பார்கள்?)

கார்னிவலிலும் ராயல் கரீபியனிலும், ஓர் அறையில் ஒருவர் இந்தத் திட்டத்தில் சேர்ந்தால், அந்த அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் சேர வேண்டும். கணவர் குடிப்பவர், மனைவி தொடாதவர் என்றாலும் இரண்டு பேருக்கும் பணம்! ஒருவர் வாங்கி இருவர் குடித்து விடுவார்கள் என்பது கம்பெனி சொல்லும் காரணம். காரணம் சரி. விதி அநியாயம்.

நார்வீஜியன் கம்பெனி "மது இலவசம்" என்றே சலுகை கொடுத்தது. ஆனால் அந்த இலவச மதுவின் விலையில் 20 சதவீதம் சேவைக் கட்டணமாகக் கட்ட வேண்டும் என்றது. இலவசத்துக்கும் இனாம்!

மூட்டை கட்டும் முன்

வீட்டில் செய்த புளியோதரை, முறுக்கு எதுவும் கொண்டுபோக முடியாது. வீட்டுப் பலகாரத்துக்குக் கார்னிவல், ராயல் கரீபியன் இரண்டிலும் தடை. கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலம் என்றால் விடுவார்கள். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் இவையும் கூடாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடம் ஏது? இந்த விதியில் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்ற மாட்டார்கள். பயணம் முடிவதற்குள் 24 வாரம் எட்டும் கர்ப்பிணிகளுக்கும் இடம் இல்லை. இதை அறியாமல் டிக்கெட் வாங்கி, துறைமுகத்தில் திரும்ப நேர்ந்தால் பணம் போனது போனதுதான்.

விளம்பரத்தில் போடும் விலை, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு உள்ள விலை. தனி ஆள் போனால் ஏறக்குறைய இரண்டு பங்கு கேட்பார்கள். நார்வீஜியன் மட்டும் 2010-ல் "எபிக்" என்ற கப்பலில் தனி ஆட்களுக்கென்றே சிறு அறைகளைக் கட்டியது.

கரையில் இறங்கி ஊர் பார்க்கப் போனவர் நேரத்துக்குத் திரும்பாவிட்டால், கப்பல் காத்திராது. கம்பெனி ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போயிருந்தால் காத்திருக்கும். அந்தச் சுற்றுலா விலை அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமையல் சுத்தத்துக்கு மார்க் போடும் வழக்கமும் உண்டு. அமெரிக்கச் சுகாதார இலாகாவினர் முன்னறிவிப்பு இல்லாமல் கப்பலில் ஏறிச் சோதிக்கிறார்கள். நூற்றுக்கு 86 வந்தால் தேறியது. 85 என்றால் தோல்வி. எந்தக் கப்பலுக்கு எத்தனை மார்க் என்பதை யாரும் பார்க்கலாம். டிக்கெட் வாங்கும் முன் இதைப் பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

விலையை மறைப்பதற்கும் ஒரு தடை வந்திருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. கட்டாயக் கட்டணங்களைத் தள்ளிவிட்டு, குறைந்த விலையை மட்டும் விளம்பரம் செய்யக் கூடாது என்பது சட்டம். அதன் பிறகு பெரிய கப்பல் கம்பெனிகள் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலை காட்டத் தொடங்கின. இனாம் தொகை மட்டும் அந்த விலைக்கு வெளியே நிற்கிறது.

அப்படியானால் எந்தக் கப்பல் லாபம்? சாப்பாடு வேளைக்குக் கிடைத்தால் போதும், குடியும் சூதாட்டமும் இல்லை என்னும் குடும்பத்துக்குக் கார்னிவல் கட்டுப்படியாகும். அவர்கள் கொடுக்காத பணத்தை, பக்கத்து அறைக் குடிகாரர் கொடுத்து விடுகிறார்! பிள்ளைகள் நாளெல்லாம் ஓடியாட வேண்டும் என்றால் ராயல் கரீபியன். அதற்கு டிக்கெட் விலை கூடும். நேரத்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கு நார்வீஜியன். ஆனால் தனிக் காசு ஓட்டல்கள் பக்கம் தலைவைக்காமல் இருக்க மன உறுதி வேண்டும். டிஸ்னியில் சில்லறைச் செலவு குறைவு என்பது மெய். ஆனாலும் மொத்தக் கணக்கில் அது வசதி உள்ளவர்களுக்குத்தான்.

சென்னைக்கு வந்த கப்பல்

ராயல் கரீபியன் கம்பெனிக்காக 1990-ல் பிரான்சில் ஒரு கப்பல் கட்டினார்கள். "நார்டிக் எம்பிரஸ்" என்று பெயர். பல ஆண்டுகள் கரீபியன் கடலில் ஓடிய அந்தக் கப்பல், பின்னர் இந்தியாவில் கார்டேலியா கம்பெனியின் "எம்பிரஸ்" ஆகியது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டது. 2023 ஜூனில் சென்னையில் இருந்து இலங்கைக்கும் போனது.

இங்கேயும் சாப்பாடு டிக்கெட்டில் அடக்கம். சைவம் உண்டு; வெங்காயம், பூண்டு சேராத ஜைன உணவும் உண்டு.  மதுவுக்குத் தனிக் காசு.

2022-ல் அந்தக் கப்பல் புதுச்சேரிக்கும் போவதாக இருந்தது. கப்பலில் சூதாட்டம் உண்டு என்று அங்கே எதிர்ப்பு கிளம்பியது. கரையில் இறங்கப் புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. இப்படி ஓர் ஊர் தவறிப் போனால் டிக்கெட் பணம் திரும்பி வருமா? மியாமிக் கம்பெனிகளின் டிக்கெட் நிபந்தனைகளில் இதற்குப் பதில் சிறிய எழுத்தில் இருக்கிறது. எந்தத் துறைமுகத்தையும் கம்பெனி விட்டுவிடலாம். அந்தத் துறைமுகத்துக்கான வரி மட்டும் திரும்ப வரும்.